மவுஸுக்குப் பொட்டு வைக்கவில்லை

போடுவதா வேண்டாமா. சாப்பிட்டுக் கை கழுவி இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்ததிலிருந்து இதேதான். பல்லிடுக்கில் மாட்டிய பாக்கை நாக்கு தேடித் தேடிப் போகிற மாதிரி மனசு அங்கேயே போய் நிற்கிறது. விளக்கு வைக்கிறதுக்குள் சொல்லிவிடச் சொன்னாள் ரெஜினா. பக்கத்து வீதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பெண், பையில் ஸ்குரூ டிரைவரும் டிபன் பாக்ஸும் ஒன்றாகக் கிடக்கும், வந்தால் முதலில் மெஷினின் முதுகைத் தடவிப் பார்ப்பாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "நாளைக்கு விஜயதசமி, புதுசு தொடங்க நல்ல நாளாம்ல சார், நாளைக்கே புது விண்டோஸ் போட்டுடலாம்" என்றாள். சர்ச்சுக்குப் போகிற பெண் எனக்கு நாள் பார்த்துச் சொல்கிறாள். பழசுக்கு இனிமேல் பாதுகாப்பு வராதாம், திறந்து போட்ட வீடு மாதிரியாம், யார் வேண்டுமானாலும் நுழையலாமாம். நுழைந்து என்ன எடுத்துக்கொண்டு போவான், என் வீட்டில். பட்டறைகளுக்கு நான் வரைந்து கொடுத்த பம்ப் இம்பெல்லர் வரைபடம் நானூறு கிடக்கும், எடுத்துக்கொண்டு போகட்டும். அது மட்டும் என்றால் சரி என்று சொல்லி எப்போதோ போட்டிருப்பேன். ஆனால் அந்த மெஷினில் ஒரு சீட்டாட்டம் இருக்கிறது. சுலோச்சனா தினமும் மதியக் காப்பி குடித்ததும் அதன் முன்னால் போய் உட்காருவாள். புதுசு போட்டால் அந்த ஆட்டம் போய்விடும், வேறு ஒன்று வரும். என் மனைவிக்கு வேறு ஒன்று என்பதே இனிமேல் கிடையாது. இதை ரெஜினாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். யோசிக்கிறேனாம். உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எதிரே லேத் பட்டறையில் சத்தமே இல்லை. ஆயுத பூஜை. மற்ற நாளில் காலையில் ஆரம்பித்தால் இரும்பு அலறுகிற அலறலில் நம் வீட்டில் நாம் பேசுவது நமக்கே கேட்காது, இன்றைக்கு வாசலில் இரண்டு வாழைக்கன்றைக் கட்டிவிட்டு, நடு ரோட்டில் பூசணிக்காயை உடைத்துவிட்டுப் போய்விட்டார்கள், பூசணித் துண்டில் குங்குமம் காய்ந்து கிடக்கிறது, ஒரு மொபெட் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. இத்தனை அமைதி காதுக்குப் பழக்கமில்லை. உள்ளறையில் சுலோச்சனா மூச்சு விடுவது கேட்கிறது. தூங்குகிறாள். எழுந்திருப்பாள். எழுந்தால் காப்பி கேட்பாள், குடிப்பாள், நேரே ஜன்னலோர மேஜைக்குப் போவாள். அங்கே இன்றைக்கு என்ன இருக்கிறது என்றால், அணைத்து வைத்த ஒரு கம்ப்யூட்டர். பெட்டிக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, திரையின் நெற்றியில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், கீபோர்டின் மேல் பட்டுத் துண்டு, அதன் மேல் என் ஸ்கேல் செட்டும் அவளுடைய பழைய மருந்தியல் புத்தகமும். நாளைக்குக் காலையில் மறு பூஜை பண்ணி எடுக்கும்வரை தொடக்கூடாது. நானே பண்ணினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

பண்ணாமல் இருந்திருக்கலாம். போன வருஷம் பங்காளி வீட்டுத் தீட்டு, பூஜையே இல்லை, அதனால் இந்தச் சிக்கல் வரவில்லை. அதற்கு முந்தின வருஷம் அவள் நன்றாக இருந்தாள், நன்றாக என்றால் அரைச்ச மாவையே திரும்ப அரைக்கப் போகிற அளவுக்கு, நாங்கள் சிரித்துக்கொள்கிற அளவுக்கு. இந்த வருஷம் சும்மா ஸ்கூட்டருக்கு மட்டும் ஒரு பொட்டை வைத்துவிட்டு விடலாம் என்றுதான் சந்தனம் கரைத்தேன். காலையில் அவள் குளித்து வந்தவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். "இதுக்குப் பொட்டு வெக்கலீங்களா?" என்றாள். எத்தனை மாசத்துக்குப் பிறகு நாளுக்குத் தகுந்த ஒரு பேச்சு. அவள்தானே வருஷா வருஷம் வைப்பாள், இன்னிக்கு ஒரு நாள் அதுக்கும் லீவுங், தொட்டீங்கன்னா பாருங்க என்று என்னை மிரட்டுவாள். அந்தச் சுலோச்சனா வந்து நிற்கிற மாதிரி இருந்தது. வைக்கிறேன் வைக்கிறேன் என்று அவசரமாக மெஷினை அணைத்து, துடைத்து, பெட்டிக்கு, திரைக்கு, பிரிண்டருக்கு, ஸ்டேப்ளருக்குக்கூட வைத்தேன், தேங்காய் உடைத்தேன், பொரி கடலை வைத்தேன், சூடம் காட்டித் திரும்பினால் அவள் இல்லை. உள்ளே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து புடவை நுனியை மடித்துக்கொண்டிருந்தாள். "டாக்டர் எழுதுனதக் குடுங்க சார், வரிசையில வாங்க" என்றாள். அவ்வளவுதான். வந்தவள் போய்விட்டாள். பொட்டு மட்டும் இருக்கிறது.

மில் ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுண்டரில் முப்பது வருஷம் நின்றவள். சிவப்பு மாத்திரை மேல் தட்டு, வெள்ளை கீழ்த் தட்டு, சிரப் இடது பக்கம், கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். இப்போது அவளுடைய மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்கிறேன், எதுக்கு சார் இது, என்கிறாள். அந்தச் சீட்டாட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். மகள் பிருந்தா காலேஜ் சேர்ந்தபோது வாங்கின முதல் கம்ப்யூட்டர், மவுஸைத் தொடவே பயந்தாள், ஷாக் அடிக்குமா என்பாள். பழகுவதற்குச் சீட்டாட்டம்தான் நல்லது என்று யாரோ சொன்னார்கள், பிடித்து இழுத்து வைக்கப் பழகிவிடுமாம் கை. இழுத்தாள். கறுப்பு மேல் சிவப்பு, சிவப்பு மேல் கறுப்பு, ராஜாவுக்கு அடுத்து ராணி, ராணிக்கு அடுத்து ஜாக்கி. தட்டில் மருந்து அடுக்குகிற வேலைதானுங் இது, என்றாள் ஒரே வாரத்தில். பிறகு மெஷின் மாறியது, பிருந்தா கல்யாணமாகி ஈரோடு போனாள், ஆட்டம் மட்டும் மாறவில்லை. சீட்டின் முதுகில் ஒரு தென்னைமரப் படம், அதை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். ஜெயித்தால் மேலேயிருந்து சீட்டெல்லாம் துள்ளித் துள்ளிக் கீழே விழும், திரை பூராவும். "பொரி கொட்டுது பாருங்" என்று சமையலறையிலிருக்கிற என்னைக் கூப்பிடுவாள். நான் ஈரக் கையோடு வந்து பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் கோபம். எத்தனை தரம் வரவில்லை என்று இப்போது நினைத்து என்ன.

சின்னராசு வேறு. பம்ப் பட்டறைக்காரன், எனக்கு இன்னும் வேலை கொடுக்கிற ஒரே ஆள். அவன் அனுப்புகிற வரைபடம் எதுவும் இப்போது என் மெஷினில் திறக்கவில்லை, எல்லாம் புதுசில் போடுகிறார்கள். "நாச்சிமுத்தண்ணா, நீங்க மாத்தோணும், இல்லீன்னா நான் வேற ஆளப் பாக்கோணும், தப்பா நெனைக்காதீங்க" என்றான். தப்பாக நினைக்கவில்லை. எதுவுமே நினைக்கவில்லை. சரி என்றேன். கால் மரத்துப்போனால் தரையில் தட்டித் தட்டி எழுப்பலாம், இதற்கு எங்கே தட்டுவது. பிருந்தா சுலபமாகச் சொல்கிறாள், புதுசு ஒன்று வாங்கிக்குங்க அப்பா, பழசை அம்மாவுக்கு அப்படியே விட்டுடுங்க. நானும் அதைத்தான் நினைத்தேன். ரெஜினா பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். கரகரவென்று ஒரு சத்தம் வருகிறதல்லவா, அது டிஸ்க் போகிற சத்தமாம். "இன்னிக்கோ நாளைக்கோ சார். புது டிஸ்க் போட்டா அதுல இந்தப் பழசு ஏறாது. நிக்கிற வரைக்கும் ஓட்டலாம், நின்னா நின்னதுதான்." அவள் மெஷினைத்தான் சொன்னாள். நான் சுலோச்சனா தூங்குகிற அறையைப் பார்த்தேன். நாளைக்கு மாற்றினால் நாளைக்கே போகும், மாற்றாவிட்டால் என்றைக்கோ ஒரு மதியம் காப்பி குடித்துவிட்டு வந்து உட்காரும்போது அதுவாகப் போகும். ரெஜினா சொல்கிறாள், அதே மாதிரி ஒரு ஆட்டம் தேடிப் போட்டுத் தரேன் சார், சீட்டு சீட்டுதானே. ரெஜினா நல்ல பெண். அவளுக்குத் தெரியாது.

அடுப்பு மாற்றினோமே. பழைய அடுப்பு கசிந்தது என்று புதுசு வாங்கி வைத்தேன், கண்ணாடி மேல்தட்டு, பளபளவென்று. சுலோச்சனா சமையலறை வாசலில் நின்றாள், யார் வீடுங்க இது, என்றாள். ஒரு வாரம் உள்ளே கால் வைக்கவில்லை. அடுத்தவங்க வீட்டு அடுப்படிக்குப் போகக் கூடாதுங்க சார், என்று எனக்கே புத்தி சொன்னாள். அந்த ஒரு வாரத்தோடு சமையல் அவள் கையை விட்டுப் போனது போனதுதான், திரும்பி வரவில்லை. அடுப்பு கசிந்தால் கசிந்திருக்கட்டும், ஜன்னலைத் திறந்து வைத்திருக்கலாம். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா. டாக்டரும் அதையேதான் சொன்னார், எதையும் இடம் மாற்றாதீங்க, பார்த்துப் பழகினது அப்படியே இருக்கட்டும் என்று. அப்படியே வைத்திருக்கிறேன். பழைய காலண்டரைக்கூடக் கழற்றவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் திரையில் ஸ்டார்ட் பொத்தான் இடது மூலையில் இருக்கும், புதுசில் நடுவில் இருக்கிறதாம். ஒரு சாண் தூரம். ஆனால் அவள் கை அந்த மூலைக்குப் போகும், அங்கே ஒன்றும் இருக்காது, திரும்பிப் பார்ப்பாள், நான் யாரென்று தெரியாத கண்ணால் என்னைப் பார்ப்பாள், யார் வீட்டு மெஷினுங்க இது என்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது. அதைத்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். வைரஸும் இல்லை, வரைபடமும் இல்லை.

சரி, அது நாளைக் கவலை. இன்றைக்கு என்ன பண்ணுவது. எழுந்து வருவாள், திரை இருட்டாக இருக்கும். மெஷினைப் போட்டுவிட்டால் என்ன, சாமி வந்து கையைப் பிடிக்கவா போகிறது. சரஸ்வதிக்குத் தெரியாதா என் நிலைமை. ஆனால் காலையில் பொட்டு வைக்கச் சொன்னது சுலோச்சனா. அவள் கடைசியாகச் சொன்ன நல்ல வார்த்தை அது, அதை நானே மீறுவதா. அவளுக்கே ஞாபகம் இருக்காது என்பது தெரியும். எனக்கு இருக்குமே. இப்படியே போய்க்கொண்டிருக்கிறது. தட்டில் பொரி நமுத்துப் போயிருக்கும். ஒரு கை எடுத்து வாயில் போட்டேன், ருசியும் இல்லை, ருசி இல்லை என்கிற வருத்தமும் இல்லை. சந்தன வாசனை மட்டும் விரலில் இருக்கிறது. அவள் அந்த மேஜையில் உட்காருகிற நேரம்தான் நான் இந்த நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொள்கிற நேரம். எனக்கு அவள் முதுகு மட்டும் தெரியும், திரை தெரியாது. முதுகைப் பார்த்தால் எந்த வருஷம் என்று சொல்ல முடியாது. நேராக இருக்கும், கவுண்டரில் நின்ற முதுகு. லேத் சத்தத்துக்கு நடுவில் அவள் தோள் மட்டும் லேசாக அசையும். அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. நான் பேப்பர் படிக்கிற புருஷன், அவள் சீட்டாடுகிற மனைவி, அடுப்பில் பால் இருக்கிறது. அந்த நேரத்துக்காகத்தான் மீதி நாள் பூராவும் சாப்பாடு ஊட்டுகிறேன், கதவைப் பூட்டுகிறேன், பாத்ரூமுக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கூட்டி வருகிறேன். இன்றைக்கு அதுவும் இல்லை. பொட்டு வைத்து மூடிவிட்டேன்.

கட்டில் முனகியது. எழுந்துவிட்டாள். நான் போய்க் காப்பி கலந்தேன், கொடுத்தேன், குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். கோயிலுக்குப் போலாமா சுலோ, என்றேன். டிவி போடட்டுமா, பொரி சாப்பிடறயா, மாடிக்குப் போய்த் துணி எடுத்து வரலாமா. எழுந்து டம்ளரைக் கழுவப் போட வந்தேன், டம்ளரோடு அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். கோழைத்தனம்தான். அவள் போய் நின்று, பார்த்து, அழ ஆரம்பிக்கிற சத்தம் வரட்டும், பிறகு போகலாம் என்று நின்றேன். குழாயைத் திறந்து மூடினேன். டம்ளரை இரண்டு தரம் கழுவினேன். ஒரு சத்தமும் இல்லை. பிறகு டக் என்று ஒன்று. குழாய் சொட்டுகிறது என்று நினைத்து இறுக்கினேன். டக். மறுபடியும் டக், டக். குழாய் இல்லை. பட்டறை ஓடியிருந்தால் கேட்டிருக்கவே கேட்டிருக்காது.

மேஜைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக. கீபோர்டின் மேல் போட்ட பட்டுத் துண்டைத் தொடவில்லை, புத்தகத்தைத் தொடவில்லை. வலது கையில் மவுஸ். அவசரத்தில் நான் மவுஸுக்குப் பொட்டு வைக்க மறந்திருக்கிறேன், துண்டுக்கு வெளியே தனியாகக் கிடந்திருக்கிறது, எடுத்துக்கொண்டாள். பெட்டி அணைந்திருக்கிறது. திரை அணைந்திருக்கிறது, கறுப்பாக, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு. அவள் மவுஸை இடது பக்கம் கொண்டுபோகிறாள், அழுத்துகிறாள், அழுத்தியபடியே மெதுவாக வலது பக்கம் இழுத்து வருகிறாள், விடுகிறாள். டக். கொஞ்சம் யோசிக்கிறாள். உதடு அசைகிறது. மேலே கொண்டுபோய் ஒரு டக். நான் பக்கத்தில் போய் நின்றேன். "என்ன பண்றே சுலோ?" திரும்பவில்லை. "இந்த ராஜாவ எறக்க எடமில்லீங்க" என்றாள். திரையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, ஜன்னல் வெளிச்சமும் எங்கள் இரண்டு பேர் நிழலும். என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே, "ஆட்டின் ராணி வந்துருச்சா?" என்றேன். "மேல இருக்குது. அதுக்கு அடியில ஒண்ணு இருக்குது, அத எடுத்தா வரும்" என்றாள், கவுண்டரில் பேசுகிற பொறுமையான குரலில். பிறகு சொன்னாள், "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க, சீட்டு தெரியல."

தள்ளி நின்றேன். எத்தனை நாளாக இப்படி. திரை ஓடிக்கொண்டிருந்த நாளிலும் இவள் திரையைத்தான் பார்த்தாளா. முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எப்படித் தெரியும். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன், வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவளுக்காக, அவளுக்காக என்று அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தேன், அவளுக்குப் பெட்டியே வேண்டாம். புதுசும் வேண்டாம், பழசும் வேண்டாம், கரண்டுகூட வேண்டாம். எனக்குத்தான் வேண்டியிருந்தது, இந்த நாற்காலி, பேப்பர், சீட்டாடுகிற மனைவி. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அவள் போகிற இடத்தில் ராஜாவும் ராணியும் இருக்கிறார்கள், தென்னைமரம் இருக்கிறது, நான் வெளிச்சத்தை மறைக்கிறவன். டக். டக்.

போன் அடித்தது. ரெஜினா. பின்னாடி பஸ் சத்தம். "என்ன சார் முடிவு பண்ணுனீங்க? போடலாமா?" போட்டுடுங்க என்றேன். எனக்கே என் குரல் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "காலைல மறுபூஜை முடிச்சு எடுத்து வெக்கறேன், வாங்க." "அந்த சீட்டாட்டம் சார்? நான் வேற ஒண்ணு தேடி வெச்சிருக்கேன், கிட்டத்தட்ட அதே மாதிரி." வேண்டாம்மா என்றேன். பிறகு, கேட்க வேண்டியது ஒன்று இருந்தது, அதைக் கேட்டேன். "புதுசு போட்டப்புறம், தினம் மத்தியானம் காப்பி குடிச்சதுக்கு மேல கொஞ்ச நேரம் நான் அணைச்சு வெச்சுக்குவேன். அதுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" "ஒண்ணும் ஆகாது சார். ஏன் சார், கரண்ட் பில்லா?" ஆமா என்றேன்.

போனை வைத்துவிட்டு நாற்காலிக்கு வந்தேன். பேப்பரை எடுத்து விரித்தேன். எதிர்ப் பட்டறை வாழைக்கன்றின் இலை ஆடியது. விளக்கு வைக்கிற நேரம், நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. டக், டக், டக் என்று வேகமாக வந்தது, பிறகு நின்றது. அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கித் திரையின் மேலேயிருந்து கீழே வரை மெதுவாகப் பார்த்தாள்.

"சார், இங்க வாங்க. பொரி கொட்டுது, பாருங்க."

எழுந்து போனேன். இந்தத் தடவை வெளிச்சத்தை மறைக்காமல் பக்கவாட்டில் நின்றுகொண்டேன்.

"ஆமாங்கம்மா" என்றேன். "கொட்டுதுங்க."